மறுக்க முடியாதவரின் பணம்

நிதிக் குற்றங்களைப் பற்றி நம் நாட்டில் பேச்செழும்போதெல்லாம், "முதலீட்டாளரின் நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும்" என்ற சொற்றொடர் தவறாது முன்வந்து நிற்கின்றது. சட்டமியற்றுவோர் இதனைக் கூறுவர். சந்தையை மேற்பார்வை செய்வோர் இதனைக் கூறுவர். வர்த்தகப் பிரமுகரும் இதனையே கூறுவர். எந்த மோசடியை முதலில் விசாரிப்பது, எதனைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற கேள்விக்கும் இதையே அளவுகோலாக நீட்டுகின்றனர். இந்த அளவுகோல் பிழையானது என்பதே என் வாதம்.

இந்நாட்டின் மிகப் பெரிய முதலீட்டாளர் யார்? கொழும்பிலே குளிரூட்டிய அறையில் அமர்ந்து பங்குகளை வாங்கி விற்பவரா? கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் இளம் பெண்ணும், மலையகத்திலே கொழுந்து பறிக்கும் தாயும், கடைச் சிப்பந்தியும், அச்சகத் தொழிலாளியும் ஒன்று சேர்ந்த கூட்டமே அந்த முதலீட்டாளர். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியில் இவர்களது உழைப்பு குவிந்து கிடக்கின்றது. ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும், தொழில்கொள்வோர் செலுத்தும் 12 சதவீதமும் மாதந்தோறும் அங்கே செல்கின்றன. பொதுவிதியின்படி ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலுமே அதனை மீளப் பெறலாம். நிதியில் சேர விருப்பமா என்று எவரும் அவர்களைக் கேட்பதில்லை. பணத்தை எதில் இடுவது என்பதிலும் அவர்களுக்கு வாக்கில்லை. அதனைத் தீர்மானிப்பது மத்திய வங்கி.

அந்த மத்திய வங்கியிலே 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி நடந்தது என்ன? முப்பதாண்டுத் திறைசேரிப் பிணைமுறிகள் 100 கோடி ரூபாவுக்கு ஏலம் விடப்படும் என அறிவிக்கப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டதோ 1,000 கோடிக்கும் மேல். வட்டியும் உயர்ந்தது. ஏற்கப்பட்டதில் ஏறக்குறையப் பாதி, அப்போதைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய ஒரே நிறுவனத்தைச் சென்றடைந்தது. ஏலத்தில் நேரடியாகவே பங்குபற்றக்கூடிய சேமலாப நிதி, பின்னர் இரண்டாந்தரச் சந்தையில் அந்நிறுவனத்தின் பிணைமுறிகளைக் கூடிய விலைக்கு வாங்கியது. ஏலம் நடத்தியதும் தொழிலாளரின் நிதியை முகாமை செய்ததும் அன்று ஒரே வங்கிதான் என்பதை வாசகர் மறத்தலாகாது. 2017 இல் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு இதனை ஆராய்ந்தது. இரண்டாந்தரச் சந்தையில் அந்நிறுவனம் ஈட்டிய இலாபம் 1,100 கோடி ரூபாவுக்கு மேல் என்றும், சேமலாப நிதி போன்ற பொது நிறுவனங்கள் அடைந்த நட்டம் 850 கோடி ரூபா அளவினது என்றும் அதன் முடிவுகள் 2018 சனவரியில் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டன.

எவர் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறுவது நீதிமன்றத்தின் வேலை. அதனை நான் ஏற்கப் போவதில்லை. ஆனால் பணம் எவருடையது என்று கூற நீதிமன்றம் தேவையில்லை. இந்த விவகாரம் அரசியல் மேடைகளிலே எவ்வாறு பேசப்பட்டது? ஒரு கட்சி மற்றக் கட்சியை அடிக்கும் தடியாகவே பேசப்பட்டது. தையல் இயந்திரத்தின் முன் இருந்தவளின் கணக்கிலிருந்து போனது எவ்வளவு, அது திரும்பி வருமா என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போயிற்று.

இது புதிய கதையுமன்று. போர் முடிந்த பின் 2009 இலும் 2010 இலும் கொழும்புப் பங்குச் சந்தை வானளாவ உயர்ந்தது; பின்னர் சரிந்தது. விலைகளைச் செயற்கையாக ஏற்றியோரைப் பற்றிப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழு விசாரிக்கத் தொடங்கியது. அதன் தலைவர் இந்திராணி சுகததாச 2011 இல் பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012 இல் விலகினார். செல்வாக்குள்ள சிலரின் நெருக்குதலை அவர் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். அக்காலத்திலும் சேமலாப நிதி உயர்ந்த விலைக்குப் பங்குகள் வாங்கியது கண்டனத்துக்குள்ளாயிற்று. விலையை ஏற்றியவனுக்கு இறுதியில் வாங்குபவன் ஒருவன் வேண்டும். மறுத்துப் பேச வாயில்லாத பெருநிதியை விட வசதியான வாங்குபவன் வேறெங்கே கிடைப்பான்?

ஆகவே விசாரணையின் வரிசையை வகுக்க ஒரு கேள்வி போதும்: பறிகொடுத்தவனுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா? சட்டத்தின் வற்புறுத்தலால் சேமித்தவனின் பணத்தில் கைவைத்த குற்றம் முதலாவது. 2008 இல் சரிந்த 'கோல்டன் கீ' போன்ற நிறுவனங்களையும், பிரமிட் திட்டங்களையும் நம்பி வைப்பிட்ட எளியவர்கள் அடைந்த கேடு இரண்டாவது. சந்தையின் சூதாட்டத்தைத் தெரிந்தே ஆடியவர்கள் தமக்குள்ளே ஒருவரையொருவர் ஏய்த்துக் கொண்டது மூன்றாவது. மூன்றும் குற்றங்களே. ஆனால் ஆளும் பணமும் காலமும் குறைந்த விசாரணைத் திணைக்களம் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் ஐயம் இருத்தலாகாது.

பெரிய வழக்குகள் சிக்கலானவை, நிரூபிக்க நெடுங்காலம் செல்லும், சிறிய வழக்குகளே விரைவில் பலன் தரும் என்பர். பலன் எவருக்கு? ஆண்டறிக்கையின் எண்ணிக்கைக்குப் பலன். கடினமான வழக்குக்குத் திறமையான கணக்காய்வாளரையும் சட்டத்தரணியையும் ஒதுக்குவதற்கே முன்னுரிமை என்று பெயர். பெரியவர்களைத் தொட்டால் மூலதனம் ஓடிவிடும் என்று அச்சுறுத்துவோரும் உளர். 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றபோது, எந்தக் கண்டிப்பான விசாரணை அந்த மூலதனத்தை விரட்டியிருந்தது?

அந்த வீழ்ச்சியின் சுமையும் எங்கே இறங்கியது? 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் பிணைமுறிகள் விலக்களிக்கப்பட்டன. சேமலாப நிதிகளுக்கோ இரண்டு வழிகளே காட்டப்பட்டன: குறைந்த வட்டிக்கு மாறுவது, அல்லது வருமானத்தின் மீது 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி செலுத்துவது. அது குற்றமன்று, பாராளுமன்றம் ஏற்ற கொள்கை. ஆயினும் களவு நேர்ந்தபோதும் தியாகம் கேட்கப்பட்டபோதும் கை நீண்டது ஒரே மடியை நோக்கித்தான்.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. சேமலாப நிதியைப் பாதித்த வழக்குகளுக்கெனத் தனி விசாரணைப் பிரிவு வேண்டும். மீட்கப்படும் பணம் திறைசேரியின் பொதுக் கணக்கில் கரையாது, உறுப்பினரின் கணக்குகளையே சேர வேண்டும். நிதி வாங்கி விற்கும் ஒவ்வொரு பிணைமுறியும் பங்கும், விலையோடும் விற்றவர் பெயரோடும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். முதலீட்டைத் தீர்மானிக்கும் சபையிலே தொழிலாளர் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் அமர வேண்டும்.

அரசாங்க ஆசிரியனான எனக்கு ஓய்வூதியம் உண்டு; இந்நிதியில் எனக்குப் பங்கில்லை. ஆனால் என் வகுப்பிலிருந்து வெளியேறும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் முதற் சம்பளத்திலேயே அதன் உறுப்பினராவர். சம்பளச் சீட்டில் கழிக்கப்படும் அந்த 8 சதவீதம் எங்கே போகின்றது என்று கேட்கும் துணிவை அவர்களுக்குத் தொழிற்சங்கங்களும் ஊட்ட வேண்டும். ஆசிரியராகிய நாமும் ஊட்ட வேண்டும்.