நாற்பத்தெட்டாம் மணி

சனிக்கிழமை இரவு ஒன்பதுக்குமேல் திருப்பூரின் அவிநாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ போய்வருபவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, ஒரே பைக்கில் மூன்று பேர் திரும்புவார்கள். அதில் ஒருவர் பத்து மணிக்கு நம் அவசரப் பிரிவில் கிடப்பார். தொடை எலும்பில் மூடிய முறிவு. தலையில் அடியில்லை, வயிறு மெத்தென்று இருக்கிறது, பிரஷர் சரி. தாமஸ் ஸ்பிளிண்ட் கட்டி, வலிக்கு ஊசி போட்டு வார்டுக்கு ஏற்றிவிடுகிறோம். ஃபேட் எம்பாலிசத்தை நாம் கோட்டைவிடுவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

நான் கோட்டைவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டையிங்கில் வேலை பார்த்த ஒடிசா இளைஞர். ஞாயிறு முழுக்க அமைதியாக இருந்தார். திங்கள் அதிகாலை டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை, தமிழ் தெரியாது’ என்று இரவுப் பணி நர்ஸ் எழுதிவைத்திருந்தார். ரவுண்ட்ஸில் அதை நானும் படித்தேன், கீழே கையெழுத்தும் போட்டேன். வேலைக்குப் போகிற வழியில் அவருடைய லைன் வீட்டுக்காரர் ஒருவர் டீ வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். உள்ளே போய் இரண்டு நிமிடம் பேசியவர் வெளியே ஓடிவந்தார். “சார், இவன் எங்க பாஷையே தப்பாப் பேசறான். நீ யாருன்னு என்னையக் கேக்கறான்.”

அப்புறம்தான் எல்லாம் கண்ணில் பட்டது. நகமெல்லாம் நீலச் சாயம் ஏறியிருந்ததால் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் சரியாகக் காட்டவில்லை என்று இரவே கழற்றி வைத்திருந்தார்கள். காது மடலில் மாட்டியபோது 84. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்; அக்குளிலும் இருந்தன. அந்த நிறத் தோலில் டார்ச் அடித்துத் தேடினால் மட்டுமே தெரியும். ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து எழுந்தார். அதில் என் பங்கு சொற்பம்.

மஜ்ஜைக் கொழுப்பு கிழிந்த சிரைகள் வழியே நுரையீரலுக்குப் போவது, தொடை எலும்பு முறிந்த ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கிறது. நோயாக முற்றுவது சிலருக்கு மட்டுமே. ஒரு தொடை முறிந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. இரண்டும் முறிந்தால் பல மடங்கு. சிக்கிய கொழுப்பை லைப்பேஸ் உடைக்க வேண்டும், அதில் வரும் கொழுப்பு அமிலங்கள் நுண்குழாய்ச் சுவர்களைப் புண்ணாக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கிறது. 24 முதல் 72 மணி நேரம் வரையிலான அந்த ஏமாற்று இடைவெளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது. 1862இல் சென்கர் நுரையீரலில் இந்தக் கொழுப்பைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தது நசுங்கி இறந்த ஒரு ரயில்வே தொழிலாளியிடம். 1873இல் ஃபான் பெர்க்மான் முதன்முதலாக உயிரோடு இருந்தவரிடம் கண்டறிந்தபோது, அவர் கூரையிலிருந்து விழுந்து தொடை முறிந்தவர். அன்றிலிருந்தே இது வேலைக்காரர்களின் நோய்தான்.

நம் கையிலிருக்கும் அளவுகோல்கள் இந்த ஊருக்குப் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கர்ட் 1970களில் வகுத்த பட்டியலில் மூச்சுத் திணறல், மூளைக் குழப்பம், தோல் புள்ளி மூன்றும் முதன்மை அறிகுறிகள். 1983இல் வந்த ஷோன்ஃபெல்ட் கணக்கில் தோல் புள்ளிக்கு 5 மதிப்பெண், குழப்பத்துக்கு ஒன்றே ஒன்று. புள்ளி பாதிப் பேருக்குக்கூட வருவதில்லை. வந்தாலும் நம் நோயாளிகளின் தோலில் எளிதில் அகப்படாது. குழப்பமோ எங்களுக்கு முதல் மணியாக அடித்திருக்க வேண்டியது. மொழி தெரியாததால் ‘ஒத்துழையாமை’ ஆகிவிட்டது. இன்று திருப்பூர் வார்டுகளில் ஒடியாவும் போஜ்புரியும் பேசுகிறவர்கள் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களிடம் நாம் “பேர் என்ன” என்று தமிழில் கேட்டுவிட்டு, தலையாட்டினால் நினைவு சரி என்று எழுதுகிறோம். தலை சி.டி. எடுத்தால் அது பெரும்பாலும் சுத்தமாக வரும், அதில் இன்னும் ஏமாறுவோம். எம்.ஆர்.ஐ. டிஃப்யூஷன் படத்தில்தான் மூளை நட்சத்திர வானம்போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. வெளிமாநிலத் தொழிலாளி நிறைந்த இந்த ஊருக்கு இதைவிடப் பெரிய உதவி வந்ததில்லை. ஆனால் 48 மணி முடிந்த பிறகு, முதல்வர் காப்பீட்டு அட்டை உள்ளவருக்குச் சிகிச்சை தொடரும். இல்லாதவர் கையிலிருந்து கட்ட வேண்டும், அல்லது நிலைப்படுத்தி அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட வேண்டும். ஒடிசாக்காரரிடம் அந்த அட்டை பெரும்பாலும் இருக்காது. ஆகவே நாம் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும் நேரமும், நுரையீரலில் கொழுப்பு வேலையைக் காட்டும் நேரமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. குறை நாம் கொடுத்தனுப்பும் கடிதத்தில் இருக்கிறது. மாஸ்க் மாட்டியபடியே பார்த்து ‘ஆக்சிஜன் 97, நிலை சீர்’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. எத்தனை லிட்டரில் 97? மாஸ்க்கைக் கழற்றினால் எவ்வளவு? மூச்சு நிமிடத்துக்கு எத்தனை? நேற்றைய ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் இன்று எங்கே நிற்கின்றன? காரணம் தெரியாமல் இவை இறங்குகிற ஆளைக் கோவைக்கு ஐம்பது கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போகக் கூடாது. முதலில் ஐ.சி.யூ., பிறகு கணக்கு. பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும்; கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்று மூன்றாம் நாள் விசாரிப்பதை முதல் நாளே விசாரித்தால் பாதிக்கு வழி பிறக்கும்.

அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் நம் பழக்கம். 1989இல் டல்லாஸிலிருந்து போன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, பல இடங்களில் அடிபட்டவரின் தொடை எலும்பை முதல் 24 மணிக்குள் நிலைநிறுத்தினால் நுரையீரல் தப்பும் என்பதில் பெரிய சண்டையில்லை. இங்கே காத்திருப்பது எதற்கு? தன்பாத் எக்ஸ்பிரஸில் அண்ணன் வந்து இறங்கிக் கையெழுத்துப் போடட்டும் என்று. அதற்குள் மூன்றாம் நாள் ஆகிவிடும். பதினெட்டு வயது நிரம்பி, நினைவோடு இருப்பவர் தன் அறுவைக்குத் தானே சம்மதம் தரலாம். அவர் மொழியில் விளக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும். ஏற்கெனவே மூச்சு கெட்டிருந்தால் மஜ்ஜைக் குழியைக் கடைந்து நெயில் போடுவது இன்னும் கொழுப்பைத் தள்ளும், அதனால் அன்றைக்கு எக்ஸ்டெர்னல் ஃபிக்ஸேட்டரோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

மருந்து கேட்பவர்களுக்கு: இல்லை. நோய் வந்தபின் ஸ்டீராய்டு பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது, ஹெபாரினையும் இதற்கென்று யாரும் இப்போது பரிந்துரைப்பதில்லை. ஆக்சிஜன், தேவையானால் வென்டிலேட்டர், ரத்த ஓட்டம் வறண்டுவிடாமல் பார்ப்பது. இவற்றோடு தாங்கிப் பிடித்தால் பெரும்பாலோர் மீண்டுவருகிறார்கள்.

எங்கள் வார்டில் இப்போது தொடை முறிந்து வருபவரின் கேஸ் ஷீட் முதல் பக்கத்திலேயே, உறவினர் எண்ணுக்குக் கீழே, அவர் பாஷை பேசும் லைன் வீட்டுக்காரர் ஒருவரின் போன் நம்பரையும் எழுதிவைக்கிறோம். ஆறு மணி நேரத்துக்கொருமுறை நர்ஸ் அந்த எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசவைப்பார்; பேச்சு சரியாக இருக்கிறதா என்று அந்தப் பக்கத்து ஆள் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்கிறார்கள். நைட் ஷிப்டில்தான் இருப்பார்கள். பின்னால் மெஷின் சத்தம் கேட்கும்.