காலங் கடந்த பாராட்டு

பிறர் செய்த நன்றியை மறத்தல் குற்றமென்பதை யாவரும் ஒப்புவர். அதனை நினைவுகூர அரை நூற்றாண்டு தாழ்த்தலும் ஒருவகை மறதியே என்பதை ஒப்புவார் சிலரே. அமெரிக்கக் கப்பற்படையைச் சேர்ந்த ‘மேசன்’ என்னும் கப்பலின் சரித்திரம் இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகின்றது.

இரண்டாம் உலக யுத்தத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து சென்ற கப்பல் வரிசைகளை ஜெர்மானிய நீர்மூழ்கிகளினின்று காத்தற்பொருட்டு, நாசகாரியினும் சிறிய காவற் கப்பல்கள் பல கட்டப்பெற்றன. அவற்றுள் ஒன்றாகிய மேசன், 1944 மார்ச்சு 20-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பணியேற்றது. அதன் மாலுமிகளுள் ஏறக்குறைய 160 பேர் கறுப்பினத்தார். 1942 வரை அவ்வினத்தார்க்கு அப்படையில் சமைத்தலும் பந்தி பரிமாறுதலுமே பெரும்பாலும் தொழிலாக விதிக்கப்பட்டிருந்தன. பீரங்கியையும் இயந்திரத்தையும் கம்பியில்லாத் தந்தியையும் அவர்களால் ஆள இயலுமோ என்று ஐயுற்றோர் அந்நாளிற் பலர்.

அவ்வையத்திற்கு விடையளித்தது கடலே. 1944 அக்டோபரில், இழுவைப் படகுகளும் சிறு கலங்களும் அடங்கிய வரிசையொன்றைக் காத்து இங்கிலாந்து நோக்கிச் செல்கையில், கொடும்புயல் எழுந்தது. மேசனின் மேற்றளம் பிளவுற்றது. மாலுமிகள் அதனைச் செப்பனிட்டு, சிறு கலங்களைப் பால்மத் துறைமுகத்திற் சேர்த்தனர். பின்னும் ஓய்ந்திராது, எஞ்சியவற்றிற்கு உதவப் புயலினூடே மீண்டுஞ் சென்றனர். கப்பற்றலைவர் பிளாக்போர்டும் வரிசையின் தளபதியும் இம்மாலுமிகளைப் பாராட்டுமாறு மேலிடத்திற்கு எழுதினர். பாராட்டோ வரவில்லை. 1945-இல் கப்பல் பணி நீங்கிற்று. 1947-இல் உடைத்தற்கு விற்கப்பட்டது. படைகளில் இனவேற்றுமை ஒழிக என்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் கட்டளையிட்டது 1948-இல். எனினும் அப்பாராட்டுக் கடிதம் மாலுமிகளை அடைந்தது ஏறக்குறைய அரை நூற்றாண்டிற்குப் பின்னரே. அதற்குள் அவர்களிற் பலர் மறைந்துவிட்டனர்.

‘கொடாமையினுங் காலந்தாழ்த்துக் கொடுத்தல் நன்றன்றோ’ எனச் சிலர் கூறலாம். நன்றே, ஆயினும் அது போதாது. மாண்டவர் செவியிற் புகழ் ஏறாது. இளமையில் அக்கடிதம் கிடைத்திருப்பின், யுத்தம் முடிந்து வேலை தேடிய நாளில் அஃது அவர்க்குச் சான்றாக நின்றிருக்கும்; தம் மக்கள்முன் தலைநிமிர்ந்து சொல்லவும் உதவியிருக்கும். அவர்களைப் புயல் வெல்லவில்லை. எவரும் எடுத்துப் பாராத தாள்களே வென்றன.

பிறர் உழைப்பிற்குச் சான்று எழுதும் பொறுப்பு, கல்வி கற்ற நம்மிற் பலர்க்கு ஒருநாள் வாய்க்கும். அந்நாளில், உழைத்தவர் எக்குலத்தார், எந்நிறத்தார், எப்பதவியினர் என்று நோக்காது, அவர் உயிருடன் இருக்கும்போதே உரியதை எழுதிக் கொடுப்போமாக. தகுதியுடையார்க்கு உரிய காலத்தில் அளிக்கப்படும் பாராட்டு, கருணையன்று, கடனே.