நான்கு நாள் வேலை, மூன்று மழைக்காலம்

ஒரு லயத்துக் கூரையை மாற்ற எத்தனை நாள் வேண்டும்? எங்கள் தோட்டத்துத் தச்சரைக் கேட்டோம். பழைய தகரம் கழற்ற ஒரு நாள், உளுத்த மரம் மாற்ற இரண்டு நாள், புதுத் தகரம் அடிக்க ஒரு நாள். மழை குறுக்கிட்டால் ஒரு வாரம் என்றார். தோட்ட ஆபீசில் நாம் கடிதம் கொடுத்து இது மூன்றாவது மழைக்காலம்.

முதலில் வந்து அளந்தார்கள். பிறகு கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை என்றார்கள். பிறகு துரை மாறினார். புதுத் துரை மறுபடி அளக்கச் சொன்னார். இதற்குள் லயம் நீண்டுவிட்டதோ என்னவோ!

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள், நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று. அதற்கும் அனுமதி வேண்டுமாம். காணி அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளிடம், குடியிருக்கும் நம் கையில் உறுதி இல்லை. இரட்டை லயத்தில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே முகடு. ஒரு காம்பிராவுக்கு மட்டும் புதுத் தகரம் போட்டால், பழையதோடு சேரும் இடத்தில் அடுத்த காம்பிராவுக்குள் தண்ணீர் இறங்கும். முழு லயத்தையும் ஒரே தடவையில்தான் மாற்றவேண்டும்.

இப்போதைக்குத் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருக்கிறோம். ஈரக் கொப்பியோடு வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை.

ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் நம் கோரிக்கை; அதை விடமாட்டோம். அது வரும்வரை நனைந்துகொண்டிருக்கவும் மாட்டோம். தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கும். தோட்டத் தலைவர்மார் சித்திரைக்கு முன் லயம் லயமாகப் போய், ஒழுகும் காம்பிராக்களை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்குத் தாருங்கள். வேலை தொடங்கும் திகதியை இம்முறை எழுத்தில் கேட்கப்போகிறோம்.