பனிக்குத் தப்ப ஒரு நகரம்: திருகோணமலையும் சல்லியும்

ஓய்வுபெறும் வயதை எட்டிய புலம்பெயர் தமிழர்கள் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்கின்றார்கள். கொழும்பின் நெரிசலும் வேண்டாம், ஆளரவமற்ற கிராமமும் வேண்டாம், குளிர் வேண்டவே வேண்டாம். நடுத்தர அளவில் நல்ல நகரம் எங்கே உண்டு? ரொறன்ரோவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே நான்கைந்து பாகை. அங்கே முப்பது ஆண்டுகள் வாசலில் பனி வாரியவர் முழங்கால் நோவுடன் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. என் விடை திருகோணமலை. ஆனால் அந்த விடையுடன் ஒரு நிபந்தனையும் உண்டு: நகரத்துக்கு வாருங்கள்; சல்லிக் கடற்கரையில் காணி தேடாதீர்கள்.

மாரிக்கு ஒதுங்க இடம் தேடித் திருகோணமலைக்கு வந்தவர்கள் வரலாற்றிலே பலர். 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில், சென்னை உட்பட, வடகீழ்ப் பருவக்காற்றுக்கு ஒதுங்கத்தக்க பாதுகாப்பான துறைமுகம் இருக்கவில்லை. ஒக்டோபர் பிறந்துவிட்டால் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பம்பாய் வரை செல்ல வேண்டியிருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அதைப் பறித்துக்கொண்டார். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்த துறைமுகத்தை அவர்களது கடற்படை விட்டுச் சென்றது 1957இல்தான். இத்தனை இழுபறிக்கும் முக்கியமான ஒரு காரணம், மாரிகாலத்தில் கப்பல் தங்க இடம் வேண்டும் என்பதே.

கடற்றொழிலாளரின் கதை அதைவிடப் பழையது. தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பகுதித் தொழிலாளர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடியடித்துத் தொழில் செய்வதும், பருவம் மாறியதும் திரும்பிப் போவதும் நெடுநாள் வழக்கம். எவருடைய கரையில் எவர் வாடி போடுவது என்ற பிணக்கும் அந்த வழக்கத்துடனேயே வந்தது, இன்னும் தீரவில்லை. ஆகவே, காலநிலை பார்த்துக் குடிபெயர்வது இக்கரைக்குப் புதிதல்ல. புதிதாக வருவது டொலர் கொண்டு நிரந்தரமாக வேலியடைக்கும் வழக்கம்.

காலநிலையை நோக்குவோம். ஜனவரியில் திருகோணமலையில் பகலில் 27 அல்லது 28 பாகை, இரவில் 24 பாகையளவில் இருக்கும். இதைக் குளிர்காலம் என்று கனடாக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை நிலைமை வேறு. மேற்கிலிருந்து கச்சான் வீசும், வெயில் 34, 35 பாகையைத் தொடும், கிணறு இறங்கும், மாலையில் கடற்காற்று வந்தாலொழிய முற்றத்தில் இருக்க முடியாது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. கனடாவிலிருந்து வருபவர் பனிக்குத் தப்பி டிசெம்பரில் வருகின்றார். மழையையும் பச்சையையும் கண்டு மகிழ்கின்றார். கச்சானை அவர் கண்டதேயில்லை. இலண்டனிலிருந்து பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஓகஸ்டில் வருபவர் குளம்போலக் கிடக்கும் கடலைக் காண்கின்றார். டிசெம்பரில் அதே கடல் எவ்வளவு தூரம் மணலைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியாது. இருவரும் ஊரின் பாதி ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு முழு விலை கொடுக்கின்றனர்.

சல்லி, நகருக்கு வடக்கே உப்புவெளியைத் தாண்டி, ஒருபுறம் கடலும் மறுபுறம் சாம்பல்தீவுக் களப்புமாக அமைந்த கடற்றொழிலாளர் கிராமம். முத்துமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. உப்புவெளி, நிலாவெளி ஆகிய இரு உல்லாசக் கரைகளுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டதனால், காணித் தரகர்கள் இதனை ‘காலி நிலம்’ என்கின்றனர். காலி நிலமா? கடல் அடங்கிய மாதங்களில் இக்கரையோர ஊர்களில் கரைவலை இழுப்பதற்கு நீண்ட மணல்வெளி வேண்டும். கடல் பொங்கும் மாதங்களில் வள்ளங்களை மேலேற்றி வைப்பதற்கு அதே மணல்வெளி வேண்டும். வலை உலர்த்தவும் கருவாடு போடவும் இடம் வேண்டும். ஆண்டு முழுவதும் தொழில் நடக்கும் இடத்துக்குச் சுவரில்லை என்பதனால் அது வெற்றிடமாகிவிடாது. பனிக்குத் தப்பிவந்தவர் கடற்காற்று வாங்க மதில் கட்டினால், மாரிகாலத்தில், வருமானம் ஏற்கெனவே குன்றியிருக்கும் வேளையில், இன்னொருவரின் வள்ளத்துக்கு இடமில்லாது போகும். 1990இல் போரினால் அள்ளுண்டு போய், மீண்டுவந்து குடிலமைத்து, 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலைக்குக் கொடுத்து, மறுபடியும் எழுந்த கரை இது. அடுத்ததாக நம்மவரின் சேமிப்புப் பணம் அவர்களை உள்ளே தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதனைத் தருமமாகக் கொள்ள விரும்பாதவர் கணக்காகவாவது கொள்ளலாம். கரையிலிருந்து 300 மீற்றருக்குட்பட்ட வலயத்தில் கட்டடம் எழுப்ப, 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நகருக்கு வெளியே பல காணிகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட அரச காணிகள். அவற்றை உறுதிக் காணிபோல விற்கவோ வாங்கவோ முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ முதுசமாகவோ பெறுவோருக்கும் விலக்கு உண்டு. ஆகவே முதலில் இரட்டைக் குடியுரிமை, பிறகு காணி. பலர் இதனைத் தலைகீழாகச் செய்து, காசை ஒன்றுவிட்ட சகோதரனின் பெயரில் போட்டு, பின்னர் சகோதரனையும் காசையும் சேர்த்து இழக்கின்றார்கள்.

பொருளாதாரத்தில் இன்னும் சில உண்டு. கனடாவில் 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கே முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டிலும் தொடரும்; குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதியைக் காக்க விரும்புவோர் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களில் 153 நாள்கள் அங்கே இருத்தல் வேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. வந்த நாளில் உள்ள தொகையிலேயே உறைந்துவிடும். பனியில் உறையாதவர் ஓய்வூதியத்தில் உறைகின்றார்!

ஏன் திருகோணமலை என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் உறவு அதிகம். ஆனால் சுண்ணக்கல் நிலத்தடி நீர் பற்றிய கவலையும் உண்டு. வெள்ளவத்தையின் மாடிவீட்டில் கதவடைத்த வாழ்வு. தமிழகத்தை நினைப்பவர் இலங்கைக் குடியுரிமையை வைத்திருந்தால், இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி அங்கே வீடு வாங்க இயலாது. திருகோணமலையில் நகரை அண்டி வாழ்வோர் ஒரு இலட்சத்தை ஒட்டியவர்கள். வைத்தியசாலை, சந்தை, கோயில், நூலகம், புகையிரத நிலையம் யாவும் முச்சக்கரவண்டித் தூரத்தில் உள்ளன. எனினும் சிக்கலான சிகிச்சைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக நேரலாம். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இதயநோயாளி இந்தத் தூரத்தை வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

அரசியலை மறைத்து இந்நகரைப் பரிந்துரைக்க முடியாது. 2012 குடிக்கணக்கின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் பத்தில் நால்வர்; தமிழரும் சிங்களவரும் ஏறத்தாழ மும்மூவர். மூவரும் சேர்ந்து வாழ்வதன் அழகும் உண்டு, மூவரின் அச்சமும் உண்டு. 2006 ஜனவரி 2இல் இதே நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அதே 2006இன் ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்து, கலவரமும் மூண்டது. இங்கே முதுமையைக் கழிக்க வருபவர் இதனை அறிந்தே வரவேண்டும். அயலவரின் மொழியையும் நாலு வார்த்தை பழகிக்கொண்டு வரவேண்டும்.

சல்லியில் முதுசக் காணி உள்ளவருக்கு என் நிபந்தனை பொருந்தாது. அவர் திரும்பி வருவதும் பாழடைந்த வீட்டில் விளக்கேற்றுவதும் ஊருக்கு நன்மை. மற்றவர்கள் நகருக்குள் வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள். காப்புறுதி நாள்கள் இடம்தராவிடின் இரண்டு தவணையாக வாருங்கள்: ஒரு தடவை ஒக்டோபரில் வந்து மழை முழுவதும் இருங்கள், மறுதடவை மே மாதம் வந்து கச்சானில் இருங்கள். காணி பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம். தரகர் அதுவரை காத்திருப்பார்.