அப்பா மோட்சத்தில் இருப்பாரா?

2018 ஏப்ரலில் ரோம் புறநகரில் உள்ள ஒரு பங்கில், திருத்தந்தை பிரான்சிஸிடம் கேள்வி கேட்க ஒலிவாங்கி முன் வந்தான் ஒரு சிறுவன். அழுகையில் வாய் எழவில்லை. அருகே அழைத்து அணைத்துக்கொண்டு, காதோடு சொல்லச் சொன்னார் அவர். இறந்துபோன அப்பா கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் நான்கு பிள்ளைகளுக்கும் திருமுழுக்குக் கொடுக்க வைத்தவர். அவர் மோட்சத்தில் இருப்பாரா? அதைச் சொல்ல வேண்டியவர் கடவுள், அவருக்குத் தகப்பன் மனசு என்றார் திருத்தந்தை. இதே கத்தோலிக்கத் திருச்சபைதான் 1442-இல் புளோரன்ஸ் சங்கத்தில், சபைக்கு வெளியே இருப்பவருக்கு நித்திய வாழ்வில் பங்கில்லை என்று ஆணை எழுதியது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவரும் கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ முயன்றால் மீட்படையலாம் என்றது. இதைச் சொல்வதால், விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்ற சீர்திருத்தவாதி லூத்தரின் போதனையை நான் குறைத்துப் பேசவில்லை; நற்செயல்களைக் காட்டிக் கடவுளிடம் கூலி கேட்கும் திமிரை அது உடைத்தது. அதையே சிலர் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நல்ல மனிதரை நரகத்துக்கு அனுப்புகிறார்களே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. இலவசமாகக் கிடைத்த இரட்சிப்பில் பெருமையடிக்க என்ன இருக்கிறது? வெளியே இருப்பவர்களுக்குத் தீர்ப்பிடுவது தன் வேலையல்ல என்று கொரிந்தியருக்கு எழுதிப் பவுலே ஒதுங்கிக்கொண்டார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்பில் விசாரிக்கப்படுவதும் பசித்தவனுக்குப் போட்ட சோறும், சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்ததும்தான். துக்க வீட்டில், அடக்கம் முடியுமுன்னே, 'அவர் இரட்சிக்கப்பட்டவரா?' என்று பிள்ளைகள் காதில் விழ விசாரிப்பதையாவது நாம் நிறுத்த வேண்டும்.