முதலாளி சொல்வதா, வாடிக்கையாளர் சொல்வதா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் போகும் மீன், இன்று மதியச் சமையலுக்குள் ஆப் வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ அண்ணாநகர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அப்படி மீன் விற்கும் ஓர் இணையக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

தளத்தின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவது? 'இன்று காலை காசிமேட்டில் இறங்கியது' என்றா? அல்லது 'சுத்தம் செய்து, துண்டு போட்டுத் தரப்படும்' என்றா? மேனேஜர் ஒன்று சொல்வார். தினமும் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் பெண் வேறொன்று சொல்வார். கடைசியில் முதலாளி, "இருபது வருஷமா வியாபாரம் பண்றேன், எனக்குத் தெரியாதா?" என்பார். அதோடு கூட்டம் முடிந்தது!

இணைய வியாபாரத்தில் இந்தக் கேள்விக்கு யாருமே ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. தளத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வாசகத்தையும் மீதிப் பேருக்கு மற்றொன்றையும் காட்டலாம். யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். இதற்குத்தான் ஏ/பி டெஸ்ட் என்று பெயர்.

"போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று என்று மாற்றிப் பார்த்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வரத்து குறையும், விலை ஏறும். புரட்டாசி வந்தால் பல வீடுகளில் அசைவமே கிடையாது. புரட்டாசியில் பழைய வாசகம், ஐப்பசியில் புதிய வாசகம் என்று வைத்துவிட்டு, "விற்பனை ஏறிவிட்டது, புது வாசகம் அருமை" என்றால் அது யாருடைய சாதனை? காலண்டருடைய சாதனை! அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் நடந்ததைப் பாருங்கள். 2012இல் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுதளத்தில், விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம் என்று ஓர் ஊழியர் சொன்ன யோசனை ஆறு மாதத்துக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்தது. பிறகு ஒரு பொறியாளர் தானாகவே அதைச் சோதித்தார். வருமானம் 12 சதவீதம் உயர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து கோடி டாலருக்கு மேல்! அமேசானின் ஆரம்பக் காலத்தில் கிரெக் லிண்டன் என்ற பொறியாளர், கூடையில் பொருள் போட்டவருக்கு அதோடு சேரும் வேறு பொருட்களைப் பரிந்துரைக்கலாம் என்றார். பணம் கட்டப் போகிறவரின் கவனம் சிதறும் என்று மூத்த அதிகாரி ஒருவர் தடுத்தார். லிண்டன் சோதித்துக் காட்டினார். யோசனை ஜெயித்தது.

சோதிக்காமல் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2015 மே மாதம் மிந்த்ரா தன் இணையதளத்தை மூடிவிட்டு, இனி ஆப்பில் மட்டும்தான் விற்பனை என்று அறிவித்தது. கம்ப்யூட்டரில் வாங்கிப் பழகியவர்களுக்குக் கதவு அடைபட்டது. 2016 ஜூனில் கம்ப்யூட்டருக்கான தளம் திரும்பி வந்தது. துணிந்து முடிவெடுத்ததில் தவறில்லை. அதை எல்லா வாடிக்கையாளர் மீதும் ஒரே நாளில் ஏவியதுதான் தவறு. ஆழம் பார்க்க ஒரு காலை விட்டால் போதுமே, இரண்டு காலையும் ஏன் விட வேண்டும்?

அப்படியென்றால் சிறிய கடைகளும் நாளையே சோதனையில் இறங்கிவிடலாமா? இறங்கலாம், ஆனால் சில விஷயங்கள் முக்கியம்:

1. எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றக் கூடாது.

2. எண்ணிக்கை வேண்டும். நூறு பேரில் 10 பேர் இதை வாங்கினார்கள், இன்னொரு நூறு பேரில் 12 பேர் அதை வாங்கினார்கள் என்பது நிரூபணம் ஆகாது, தற்செயலாகவும் இருக்கலாம். ஐயாயிரம் பேரில் 500, இன்னொரு ஐயாயிரம் பேரில் 600 என்றால் நம்பலாம். கூட்டம் குறைவான கடை, பட்டன் நிறத்தைச் சோதித்து நேரத்தை வீணாக்காமல் பெரிய வித்தியாசங்களை மட்டும் சோதிப்பது நல்லது. மற்றதற்கு வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாலே போதும்.

3. பிடிக்காவிட்டால் மறுநாளே பழைய நிலைக்குத் திரும்ப முடிகிற மாற்றங்களையே வேகமாகச் சோதிக்கலாம். திரும்ப முடியாதவற்றில் நிதானம் வேண்டும்.

4. தோற்ற சோதனைக்காக யாரையும் திட்டக் கூடாது. ஒரு முறை திட்டினால், அடுத்த யோசனை வாயைத் திறக்காது.

இவற்றில் நான்காவதுதான் கடினமானது. மென்பொருளை விலைக்கு வாங்கிவிடலாம். "நான் நினைத்தது தப்பு" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லும் பழக்கத்தை எங்கே வாங்குவது? அது இல்லாத இடத்தில் எத்தனை டெஸ்ட் நடத்தினாலும், முதலாளிக்குப் பிடித்த முடிவு வரும்வரை டெஸ்ட் தொடரும், அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சோதனை தோற்றால் நஷ்டம் யாருக்கு? 2000ஆம் ஆண்டில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு பேருக்கு வெவ்வேறு விலையில் விற்றுப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கூடுதல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணத்தைத் திருப்பலாம். ஆனால் 'பத்து நிமிடம் முன்னதாக டெலிவரி' என்று ஒரு வாக்குறுதியைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் அது ஒரு வரி மாற்றம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டும் பையனுக்கு அது உயிர். அவனைக் கேட்காமல் அந்தச் சோதனையைத் தொடங்க யாருக்கும் உரிமையில்லை.

வேகமாகச் சோதிக்கும் கலாச்சாரம் என்றால், எந்த யோசனையையும் அது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்காமல் எடைபோடுவது. போனை எடுக்கும் பெண்ணின் யோசனையும் முதலாளியின் யோசனையும் ஒரே தராசில் ஏற வேண்டும். கூடவே, பைக் ஓட்டும் பையன் "இது வேண்டாம்" என்றால் அந்தக் குரலுக்கும் அங்கே எடை இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ள கடை, தானே வளரும்.