கோகர்ணா, கசோல் எல்லாம் சரி... ஆம்பூரில் எப்போது இறங்குவது?

தோளில் ஒரு பை, கூட ஒரு ஃப்ரெண்ட், கையில் பத்து நாள் லீவு. இப்படி இந்தியாவைச் சுற்றக் கிளம்பும் இளைஞர்களின் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹம்பி, கோகர்ணா, கோவா, ரிஷிகேஷ், கசோல், மணாலி. கொஞ்சம் தைரியம் கூடினால் ஸ்பிட்டி, மேகாலயா.

இந்த ஊர்களுக்குக் கிளம்பும் சென்னைப் பசங்களில் பலர் முதலில் பிடிப்பது பெங்களூரு ரயிலைத்தான். அந்த ரயில் வாலாஜா ரோடு, காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தாண்டிப் போகிறது. நடுவில் ஜன்னல் வழியாக ஒரு வாடை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "மச்சி, ஆம்பூர்டா, பிரியாணி!" என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், ஊர் போய்விடும்.

ஆனால், மலை ஏறக் காலில் மாட்டியிருக்கும் ஷூவோ, பர்ஸோ, பெல்ட்டோ அதே ஊரில் உருவானதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தான் அணிந்திருக்கும் பொருள் எங்கே, யார் கையால், யார் தண்ணீரைக் குடித்துத் தயாரானது என்று தெரிந்துகொள்வதைவிட நல்ல பயணம் வேறு என்ன இருக்க முடியும்? பேக்பேக் பயணிகளின் மேப்பில் ஆம்பூருக்கு இரண்டு நாள் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

எது இந்த 'தோல் பெல்ட்'?

பாலாற்றை ஒட்டிய ஊர்களின் வரிசைதான் இது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. முன்பு எல்லாமே வேலூர் மாவட்டம். 2019-ல் அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

பயணத்துக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்தது இன்றைய வாலாஜா ரோடு நிலையத்துக்குத்தான். அதாவது, தெற்கில் ரயில் ஏறிய முதல் பயணிகள் இறங்கிய ஊரை இன்றைய பயணிகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரு ஷூ எப்படி உருவாகிறது?

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, அழுகாமல் இருக்க முதலில் உப்பு போடுகிறார்கள். டேனரிக்கு வந்ததும் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு போகிறது. அப்புறம் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை நீக்குவது, கொழுப்பையும் சதையையும் சுரண்டுவது, பிறகு பதனிடுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர் வேண்டும். இந்தத் தொழில் ஆற்றங்கரையைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றை வைத்துப் பதனிட்டார்கள். ஒரு தோல் தயாராக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு வந்தபிறகு அதே வேலை ஓரிரு நாளில் முடிந்தது. 1970-களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதைக் குறைத்து, முழுமையான தோலாகவும் ஷூவாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. அதனால் இந்த ஊர்களில் வேலை பெருகியது. கூடவே ரசாயனமும் பெருகியது.

பாலாறு கொடுத்த விலை என்ன?

கர்நாடகாவின் நந்தி மலைப்பகுதியில் பிறந்து, ஆந்திரா வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு இது. வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான் தெரியும். கழிவுநீர் அந்த மணலுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாட்டின் தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிரிட லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வு விவரம் அந்த வழக்கில் பதிவானது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் முக்கியம்தான், ஆனால் அதற்காகச் சூழலை அழிக்க உரிமை கிடையாது என்பதே அதன் சாரம். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்', 'பாதிப்பு வரும் முன்பே தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்று நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுத்தாலும் வேலூர் பெயரைச் சொல்லாமல் முடியாது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையமும் வந்தது. ஆனாலும் கதை முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களே அவர்களில் பெரும்பாலானோர். முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில், இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு அதைக் கொடுத்து முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. அங்கே பிறந்த குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போகும் காலம் அது.

அந்தத் தையல் யாருடையது?

காலையில் ஆம்பூர் பக்கத்துச் சாலையில் நின்றால், ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். மாதச் சம்பளம், பி.எஃப்., வீட்டுக்குள் ஒரு பெண்ணின் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு என்று இந்தத் தொழில் கொடுத்ததும் நிறைய. அதை மறைத்துவிட்டு ஆற்றை மட்டும் பேசினால் அது பாதி உண்மைதான்.

கம்பெனிக்குள் வராத பெண்களும் இருக்கிறார்கள். ஷூவின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊசியால் கையில் தைப்பவர்கள். இவர்களைப் பற்றி 2016-ல் தன்னார்வ அமைப்புகள் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடி தைத்தால் கிடைத்தது சுமார் 10 ரூபாய் என்றது அது. அதே ஷூ வெளிநாட்டுக் கடையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோலைத் தொட்டாலே தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது. டேனரியின் ஈரமான, நாற்றமான வேலை பெரும்பாலும் தலித் மக்களின் கைகளுக்கே போனது. ரயில் ஜன்னலில் மூக்கைப் பொத்துபவர் சாதியை நினைத்துப் பொத்துவதில்லை. ஆனால் அந்த வாடைக்குள் யார் நிற்க வேண்டியிருந்தது என்பதைச் சாதியே முடிவு செய்தது.

இது 'வறுமை டூரிசம்' ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. கேமராவைத் தூக்கிக்கொண்டு டேனரி வாசலில் ரீல்ஸ் எடுத்தால் கண்டிப்பாக ஆகிவிடும். அனுமதி இல்லாமல் தொழிற்சாலைக்குள் போகக் கூடாது, தொழிலாளியின் முகத்தைக் கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் ஊரைப் பார்க்கத் தொழிற்சாலைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. டீக்கடை போதும். பாலாற்றுப் பாலம் போதும். "அண்ணா, இந்த ஆத்துல எப்ப கடைசியா தண்ணி வந்துச்சு?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால், 2021 நவம்பர் வெள்ளத்திலிருந்து யாராவது ஆரம்பிப்பார்கள்.

ரிஷிகேஷில் கங்கையைப் பார்த்துக் கண் கலங்குவதை யாரும் தப்பு சொல்லவில்லை. சொந்த மாநிலத்து ஆறு ஏன் செத்தது என்று கேட்பதை மட்டும் பயணம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு நாள், இரண்டு பேர்: எப்படிப் போவது?

ஆம்பூர், சென்னைக்கும் பெங்களூருக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது. வேலூருக்குக் காட்பாடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஆம்பூர் ரயிலில் சுமார் 50 கி.மீ.தான். வெயில் ஊர் என்பதால் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்ப்பது உடம்புக்கு நல்லது.

முதல் நாள் வேலூர். அகழி சூழ்ந்த கோட்டை, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்த இடம் இது. திப்பு சுல்தானின் குடும்பத்தையும், கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் வெவ்வேறு காலத்தில் சிறைவைத்ததும் இங்கேதான். சாயங்காலம் சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய காந்தி ரோட்டில் நடந்தால் பெயர்ப் பலகைகளில் வங்காள எழுத்து தெரியும். வைத்தியத்துக்காக ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி வந்து லாட்ஜில் தங்கி, ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள். பை தூக்கி வந்தவர்கள் எல்லோரும் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை என்று புரியும் தெரு அது.

இரண்டாம் நாள் ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், தயிர் வெங்காயம். அதைச் சாப்பிடாமல் வருவது பாவம்தான். வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நேரம் இருந்தால் ஏலகிரி மலை ஏறலாம். அல்லது வாணியம்பாடிக்குத் தெற்கே, ஜவ்வாது மலையில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்குப் பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போகலாம்.

கூட வரும் ஃப்ரெண்ட் எதிர்பாலினத்தவராக இருந்தால் ரூம் கொடுக்க மாட்டார்களே என்ற பயம் பலருக்கு உண்டு. கல்யாணம் ஆகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் லாட்ஜ் ரிசப்ஷனில் வாதாடுவதைவிட, முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

தனியாகப் போவதைவிட இரண்டு பேராகப் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. ஒருவர் ஆற்றைப் பார்த்துக் கோபப்படுவார். இன்னொருவர், "இந்த கம்பெனிய மூடிட்டா அந்த வேன்ல போற அக்காங்க எங்க போவாங்க?" என்று கேட்பார். இரண்டும் சரிதான். அந்தச் சண்டையை ரயில் வீடு வந்து சேரும்வரை தொடரலாம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

சுற்றுலாத் துறை நினைத்தால் இந்தப் பாதையைப் பெரிய செலவில்லாமல் உருவாக்கிவிடலாம். ஆவாரம்பட்டை முதல் குரோமியம் வரை சொல்லும் ஒரு சின்ன அருங்காட்சியகம், பழைய தொழிலாளர்களே வழிகாட்டியாக வரும் பாலாற்று நடை, மாதத்தில் ஒரு நாள் கதவைத் திறக்கும் ஷூ கம்பெனிகளும் சுத்திகரிப்பு நிலையங்களும். ஒழுங்காக நடத்துபவர்களுக்கு மறைக்க எதுவும் இருக்காது. பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால் மற்றவர்களும் கொஞ்சம் ஒழுங்காவார்கள்.

அதுவரை பயணிகள் காத்திருக்க வேண்டியதில்லை. 50 சதவீதம் தள்ளுபடி என்றதும் ஷூவை கார்ட்டில் போடும் முன், அந்தத் தள்ளுபடியில் குறைந்தது யாருடைய பங்கு என்று ஒரு நிமிஷம் யோசிக்க வைத்தாலே போதும், இரண்டு நாள் லீவும் ரயில் டிக்கெட்டும் வீணாகவில்லை.